முப்பதாவது வீடு

அக்காவின் மனு திரும்பி வந்தது என் மேஜைக்குத்தான். ஊராட்சி அலுவலகத்தில் எந்தத் தாள் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்ததில் எனக்கு மிஞ்சிய பெருமை அது ஒன்றுதான். மனுவின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'மனுதாரர் நிலத்தில் ஏற்கெனவே இரண்டு வீடுகள் உள்ளன. அனுமதிக்க இயலாது.' கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அக்காவின் நான்கு ஏக்கரில் இருப்பது ஒரே ஒரு வீடு. எந்தச் சன்னல் எவ்வளவு மழைக்கு ஒழுகும் என்பது வரை எனக்குத் தெரிந்த வீடு.

போன வருடம்தான் புதிய நிலப் பயன்பாட்டுத் திட்டம் வந்தது. விளைநிலத்தை எல்லாம் கண்டபடி கூறுபோட்டு வீடு கட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான், நானே நாலு பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். வரைபடத்தில் பச்சை அடித்த இடங்களில் இரண்டு ஏக்கருக்கு ஒரு வீடு, அவ்வளவுதான். அந்தக் கணக்குப்படி அக்கா இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாம். அதைத் தன் மகளுக்காகக் கேட்டாள்.

மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் புருஷனோடு ஒத்துவராமல் குழந்தையுடன் திரும்பி வந்தவள். அந்த இரண்டு அறை வீட்டில் அக்கா, அவள் மகன், மருமகள், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். இவளும் நாலு வயதுப் பெண்ணும் அடுக்களைக்குப் போகிற நடையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள் இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டை விட்டுப் போகச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "தாண்டுறவங்க எல்லாரும் மெதுவா, காலு படாம, பாத்துப் பாத்துத் தாண்டுறாங்க மாமா. அதுதான் தாங்க முடியல. யாராவது ஒருத்தர் மிதிச்சுட்டுப் போனாக்கூட சண்டை போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

மனுவை எடுத்துக்கொண்டு திட்ட அலுவலரின் அறைக்குப் போனேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய ஸ்கேல் வைத்திருப்பதால் எங்களுக்கு அவர் ஸ்கேல் சார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கோபமே வராதவர். வரைபடத்தை விரித்து அக்காவின் நிலத்தைக் காட்டினார். பச்சைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

"இது வீடு. இது யாரு வீடு சார்?" என்று இரண்டாவது புள்ளியைத் தொட்டேன்.

ஸ்கேலை வைத்து அளந்தார். "கிணத்துக்கு மேற்கால, பன்னெண்டு அடியில. பத்துக்கு எட்டு. தனிச் சமையல் உண்டுன்னு போட்டிருக்கு."

அது மோட்டார் ரூம். அதை வீடு என்று எழுதியவன் நான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வயற்காட்டில் வீடுகளை எண்ணி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். முப்பது வீடு தேறினால் குடிதண்ணீர்க் குழாய் வரும், இல்லாவிட்டால் வராது. எப்படி எண்ணுவது என்பதற்கு ஒரே விதிதான்: எங்கே தனியாக அடுப்பு எரிகிறதோ அது ஒரு வீடு. கூரை எப்படி, சுவர் எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டாம், அடுப்பைப் பார்த்தால் போதும். இரண்டு நாள் வரப்பு வரப்பாக நடந்தும் இருபத்தொன்பதுக்கு மேல் வரவில்லை. கடைசியில் அக்காவின் நிலத்துக்கு வந்தபோது நல்ல மழை. அவள் மோட்டார் ரூமில் மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளியைப் பற்றவைத்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே அந்த அடுப்பைப் பார்த்தேன். எரிந்துகொண்டுதானே இருக்கிறது என்று தோன்றியது. முப்பது என்று எழுதினேன். அடுத்த வருடம் குழாய் வந்தது. அக்கா அந்தத் தண்ணீரை முதலில் எனக்குத்தான் குடிக்கக் கொடுத்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பன்னிரண்டு வருடம் தாங்கியது.

ஸ்கேல் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று எழுதியும் கொடுத்தேன். அவர் படித்தார், நாலாக மடித்தார், கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இது நீங்க எழுதின பட்டியலா மட்டும் இருந்தப்ப வந்து சொல்லியிருக்கணும். இப்ப இது திட்டம். அந்தப் பட்டியலை வச்சுத்தான் வரைபடம் போட்டிருக்கு, அரசாங்கம் ஒத்துக்கிட்டாச்சு. ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் குடுத்தோமே, அறிவிப்புப் பலகையில ஒட்டியிருந்துச்சே?"

ஒட்டியிருந்தது. பசை தடவி ஒட்டியவனும் நான்தான். முப்பத்தாறு பக்கம். நேராக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"இடிச்சுட்டா?"

"அதே இடத்துல, அதே அளவுல திரும்பக் கட்டிக்கலாம். ஒரு அடி கூட்டக் கூடாது. அடுத்த திருத்தம் பத்து வருஷம் கழிச்சு. அப்ப எழுதிக் குடுங்க, நானே பாத்துச் செய்யறேன்." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. திட்டிவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனிதர் தன் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அக்காவிடம் அன்று சாயங்காலமே போனேன். வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. "ரெண்டு வீடா? எந்த மடையன்டா எழுதினான்?" என்று சிரித்தாள். மகளும் குழந்தையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். நான் சொன்னேன். மழை, மூன்று கல், டீ எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் விரல்கள் சுளகிலேயே நின்றுவிட்டன. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"டீ நல்லாருக்குன்னு வேற சொன்னியேடா," என்றாள்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அற்பமாக உணர்ந்ததில்லை. ஊருக்குத் தண்ணீர் வரட்டும் என்றுதான் அப்படி எழுதினேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அக்கா காட்டிலேயே முதல் குழாய் வரட்டும் என்று தம்பிக்காரனுக்கு ஒரு ஆசை இருந்ததும் உண்மை.

மகள்தான் பேசினாள். "பத்து வருஷத்துல இவ பதினாலு வயசுப் பொண்ணு ஆயிருவா மாமா." பிறகு, "அப்ப பதிவுல அது வீடுதானே? அதுல போயி இருந்துக்கிட்டா யாராச்சும் கேப்பாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அது மனுஷங்க இருக்கிற எடமாம்மா?"

"நீங்கதான எழுதியிருக்கீங்க, இருக்கிற எடம்னு," என்றாள். குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் அலுவலகத்திலிருந்து வயற்காட்டு வீடுகளுக்கெல்லாம் இலக்கத் தகடு அடிக்கும் வேலை வந்தது. அதுவும் என் பொறுப்பு. வரிசையாக அடித்துக்கொண்டு போய் ஒருநாள் மத்தியானம் மோட்டார் ரூமில் நின்றேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரு பாதியில் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, சுவரைக் குடைந்து போகிற குழாய். மறு பாதியில் பாய், ஒரு தகரப் பெட்டி, புது ஸ்டவ். மோட்டாரின் மேல் பழைய சேலையைப் போர்த்தி அதன்மேல் குழந்தையின் சட்டைகளை மடித்து வைத்திருந்தாள். எண்ணெய் வாடை போகவில்லை.

"உள்ள வாங்க மாமா," என்றாள். உள்ளே வர இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். தகட்டை நிலைக்கு மேலே வைத்து, "இங்க அடிக்கட்டுமா?" என்றேன். "நேரா இருக்கா பாருங்க, போதும்," என்றாள்.

கடைசி ஆணியை அடிக்கும்போது அக்காவின் மகன் வரப்பில் வந்து நின்றான். கொஞ்சம் தயங்கினான். "கரண்டு வந்துருச்சு, தண்ணி பாய்ச்சணும். கொஞ்சம் வெளிய வந்துக்கிறியா?" என்று தங்கையிடம் கேட்டான். அவள் ஸ்டவ்வை அணைத்தாள், பாத்திரத்தைத் துணியால் பிடித்து எடுத்து வெளியே வரப்பில் வைத்தாள். சட்டைகளை ஒரு கையில் அள்ளினாள், சேலையை உருவினாள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பழகிவிட்டது போல எல்லாம் வேகமாக நடந்தது.

அவன் உள்ளே போய் மோட்டாரைப் போட்டான். சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. குழந்தை விழித்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நிழலில்லாத வரப்பில் நாங்கள் நின்றோம். "எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழந்தை வாயைத் திறந்து அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அவள் தலையை அசைத்து, 'தாத்தாகிட்ட கேளு' என்பது போல என் பக்கம் திருப்பிவிட்டாள். குழந்தை என்னைப் பார்த்து, கையைக் காதிலிருந்து எடுக்காமலேயே, முழுத் தொண்டையில் அதையே திரும்பக் கேட்டாள். ஒரு சொல்கூட எனக்கு விழவில்லை. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.