பின் லைற்றுக்கு வைத்த பொட்டு

மிதித்தால் எரிய வேண்டியது பிறேக் லைற். எங்கள் காரின் இடப்பக்க லைற்றோ மிதித்தால் அணையும். லைற்றைப் போட்டு மிதிக்காமல் விட்டால் மின்மினி அளவுக்கு மினுங்கும். இதைச் சொன்னால் மல்லாவிச் சந்தையில் ஒருவரும் நம்புவதில்லை. “பிள்ளை, உன்ர கார் உன்னைப் போலத்தான். சொன்னதுக்கு எதிராத்தான் செய்யும்” என்று என் புருசனின் தமையன் யோகலிங்கம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கார் ஒரு பழைய மொரிஸ் மைனர். அதற்கு என்னைவிட வயது கூட. சித்தப்பா கனடாவுக்குத் தன் பிள்ளைகளிடம் போனபோது என் பேருக்கு எழுதித் தந்துவிட்டுப் போனார். காணி என் பேரில், கார் என் பேரில், ஓடிக் காட்டி எடுத்த லைசென்ஸ் என் கைப்பையில். காரை ஸ்ராட் பண்ணும் திறப்பு மட்டும் என் புருசன் கதிர்காமநாதனின் சேட்டுப் பையில்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். யோகலிங்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மைம்மல் பொழுதில் மாங்குளம் ரோட்டால் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு முன்னால் போன உழவு மிசினின் பெட்டியில் அடிபட்டவர். பெட்டிக்குப் பின் லைற் இல்லை. ஆள் தப்பிவிட்டார், ஒரு கால் மட்டும் இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறது. அடிபட்டவர் அதை எப்போதோ மறந்துவிட்டார். ஆசுப்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்த தம்பிக்குத்தான் மறக்க முடியவில்லை. அதனால் பகலில் என்னைக் கார் ஓட விடுவார், தானும் பக்கத்தில் குந்திக்கொண்டு. பொழுது சாய்ந்தால் திறப்பு வெளியே வராது.

“லைற் எல்லாம் ஒழுங்கா எரியிற அண்டைக்குத் திறப்பு உம்மட கையில, கமலா” என்று தமையனை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல்ப் மாற்றினார். பிறகு வேறு கடையில் வேறு பல்ப் வாங்கி மாற்றினார். பியூஸ் மாற்றினார். பிறேக்கோடு இருக்கிற சுவிச்சை யாழ்ப்பாணத்தில் இருந்து எடுப்பித்துப் போட்டார். கடைசியில் முன்னுக்கிருந்து பின்னுக்கு வயரே புதிதாக இழுத்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நான் குசினியில் இருந்தாலும் சரி, தையல் மெசினில் இருந்தாலும் சரி, பின்னால் போய் நின்று பார்த்துச் சொல்லவேண்டும்.

“எரியுதோ?”

“இல்லை.”

“இப்ப?”

“இப்ப இருந்ததும் போச்சு.”

“வடிவாப் பாரும்.”

“நான் வடிவாத்தான் பாக்கிறன். நீங்கள் வடிவா மிதியுங்கோ.”

வலப்பக்க லைற் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இடப்பக்க லைற்றின் மேல் ஆத்திரம் கூடும்.

மனிதரால் முடியாததைக் கடவுளிடமும் விட்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமியறையில் விளக்கு வைத்த கையோடு சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு காரடிக்கு வருவார். இது கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் விடாத வழக்கம். எல்லோரும் வாகனத்துக்கு முன்னால்தான் பொட்டு வைப்பார்கள். இவர் முன்னால் ஒன்று பேருக்கு வைத்துவிட்டுப் பின்னால் போய், லைற்றின் விளிம்பில் உள்ள திருகாணியின் மேல், குழைத்த சந்தனத்தைத் தண்ணீர் வழிய வழிய அப்பி, அதன்மேல் குங்குமமும் வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“முன்னால வாறதை நாங்கள் பாப்பம். பின்னால வாறதை அவர்தானே பாக்கவேணும்” என்றார், கோயில் பக்கம் கையைக் காட்டி.

கொட்டிலுக்குள் காரின் வலப்பக்கப் பின்மூலை சுவரோடு ஒட்டி நிற்கும். அந்தப் பக்கம் ஆள் நுழைய முடியாது. அதனால் அவருடைய அருளெல்லாம் இடப்பக்க லைற்றுக்கு மட்டும்தான் கிடைத்தது. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் மூளைக்கு ஏறவில்லை.

பிறகுதான் வகுப்பு நேரம் மாறியது. மல்லாவியில் சனசமூக நிலையத்தில் நான் தையல் பழக்குகிறேன். வருகிற பெண்களுக்கு வயல் வேலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வரும் வேலை எல்லாம் முடிய வேண்டும். அதனால் திங்கட்கிழமையிலிருந்து வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றுவோம் என்று எல்லோருமாகக் கேட்டார்கள், நானும் ஓம் என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் பக்கம் வரும் கடைசி பஸ் நாங்கள் கத்தரிக்கோலை வைக்கும் முன்பே போய்விடும். அவருக்கோ வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் திறந்துவிடும் பருவம். நாளும் பொழுதும் என்னை ஏற்றி வர முடியாது. கார் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் மெல்லச் சொன்னார்:

“கோவிக்காதையும் கமலா. வகுப்பை விட்டிட்டா என்ன? வீட்டில இருந்து தைக்கலாம்தானே.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த வகுப்பு எனக்கு எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் சட்டையின் கைத்துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டு அழுத சிவனேஸ்வரி இன்றைக்குத் தன் தங்கையின் கலியாண பிளவுஸைத் தானே தைக்கிறாள். அந்தப் பெண்களோடு இருக்கிற நேரம்தான் எனக்குக் கிழமையிலேயே நல்ல நேரம். அதை விட்டுவிடு என்கிறார், இரண்டு பல்ப் மாற்றி முடியவில்லை என்பதற்காக.

“உங்களுக்கு அந்த லைற் எரியக்கூடாது” என்றேன். “எரிஞ்சாத் திறப்பைத் தரவேணுமெல்லே. அதுதான் வேணுமெண்டு இழுக்கிறியள்.”

அவர் முகம் சுருங்கிப் போனது. திறப்பை எடுத்துக்கொண்டு காரடிக்கு நடந்தார். படலையால் வந்துகொண்டிருந்த யோகலிங்கம், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

கொட்டிலுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. என் புருசன் லைற்றைப் போட்டுவிட்டு முன்னால் இருந்து பிறேக்கை மிதித்தார். “எரியுதோ” என்றுகூடக் கேட்கவில்லை. நான் பின்னால் நின்றேன். வலப்பக்கம் நல்ல சிவப்பாக எரிந்தது. இடப்பக்கம் இருட்டு. அந்த இருட்டைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து, அதன்மேல் காய்ந்து, தோசைக்கல்லில் பிடித்த மாவைப் போலத் தடித்துக் கிடந்தது. கோபத்துக்கு ஏதாவது ஒன்றைச் சுரண்ட வேண்டும் போல இருந்தது. குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்து அந்தச் சந்தனத்தில் வைத்துச் சுரண்டினேன். முதலில் சந்தனம் வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கறள் உதிர்ந்தது, பெயின்றும் கழன்று தகரம் தெரிந்தது. கத்தியின் நுனி திருகாணியிலும் அதன் அலகு தகரத்திலும் ஒன்றாக முட்டிய அந்த நேரம், லைற் பளிச்சென்று எரிந்தது.

“எரியுது!” என்று கத்தினேன்.

“விளையாடாதையும்” என்றார் முன்னாலிருந்து.

“சத்தியமா எரியுதப்பா! காலை எடுக்காதையுங்கோ!”

கத்தியை எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. யோகலிங்கம் தடியை ஊன்றிக்கொண்டு எழும்பி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, தங்கச்சி பகிடி விடேல்லை, உண்மையாத்தான் எரியுது” என்றார். பிறகு அவரே உள்ளே போய் இருந்து நல்ல காலால் பிறேக்கை மிதிக்க, என் புருசன் இறங்கி வந்தார். கத்தியையும் லைற்றையும் மாறி மாறிப் பார்த்தார். குறடையும் திருப்புளியையும் எடுத்து வந்து லைற்றைக் கழற்றினார். திருகாணி கறளாகி இரண்டாக முறிந்து வந்தது. அது இறுகியிருந்த தகரமும் அரித்துப் போயிருந்தது. ஓட்டைக்குள்ளேயிருந்து சந்தனக் கட்டி ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“வயர் கரண்டைக் கொண்டுபோய்த்தான் குடுக்கும்” என்று தனக்குத்தானே சொல்லுவது போலச் சொன்னார். “அது திரும்பி வாறது காரின்ர உடம்பாலதான். இந்த ஆணியாலதான் உடம்புக்கு இறங்கவேணும். நான் போற வழியை மட்டும் திருத்தித் திருத்திப் பாத்தன். வாற வழியைப் பாக்கேல்லை.”

பிறகு அந்தச் சந்தனக் கட்டியைப் பார்த்தபடி நின்றார். என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒருவரும் பின்னால் வந்து என்னை இடித்துவிடக் கூடாது என்று வெள்ளிக்கு வெள்ளி வைத்த பொட்டு, அந்தத் தண்ணீரும் குங்குமமும் இறங்கி இறங்கி, காவலுக்கு இருந்த லைற்றையே தின்றுவிட்டது.

திட்டுவதற்கு எனக்கு இதைவிட நல்ல தருணம் வராது. வாயில் நாலு சொல்லும் வந்து நின்றது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வேண்டுமென்று இழுக்கிறீர்கள் என்று சொன்னேனே என்று நெஞ்சு சுட்டது. இந்த மனிதரில் எனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தக் கறள் பிடித்த ஆணியைப் பார்த்தபோது மறுபடியும் தெரிந்தது.

“சாண்ட் பேப்பர் இருக்கோ?” என்று மட்டும் கேட்டேன்.

தகரத்தைப் பளபளவென்று வரும்வரைக்கும் நான் தேய்த்தேன். அவர் புது ஆணி போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினார். யோகலிங்கம் மிதித்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல எரிந்தது. என் புருசன் கொட்டிலுக்கு வெளியே தூரத்தில் போய் நின்று பார்த்தார், படலையடியில் போய் நின்றும் பார்த்தார். “டேய், கால் நோகுது, பாத்தது காணும்” என்று தமையன் கத்திய பிறகுதான் வந்தார். வந்து, காரில் போட்டிருந்த திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் காரை வெளியே எடுத்தபோது சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். முன்னால் ஒன்று வைத்தார். பின்னால் போனார், லைற்றைப் பார்த்தார், விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றார்.

“இனி எங்க வைக்கிறது?” என்று கேட்டார். சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். “இஞ்ச வையுங்கோ. இது கறள் பிடியாது.”

யோகலிங்கம் முற்றத்தில் இருந்து சிரித்தார். என் புருசன் வெட்கப்பட்டுக்கொண்டே என் நெற்றியில் பொட்டை வைத்துவிட்டு, பாத்துப் போம் என்றார்.

வகுப்பு முடிய நல்லாய் மைம்மலாகிவிட்டது. சிவனேஸ்வரியும் மற்றவர்களும் வாசலில் நின்று நான் காரைத் திருப்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைற்றைப் போட்டேன். ரோட்டு மஞ்சளாகத் தெரிந்தது. மனம் நிறைந்திருந்தது. சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன், கண்ணாடிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் லைற். நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. விலத்தி முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன், விலத்தவில்லை. எவனோ ஒரு விசரன் என்று வாய்க்குள் திட்டினேன். குளக்கட்டடியில் மாடுகள் ரோட்டைக் குறுக்கறுத்தபோது பிறேக்கை அமத்தி நின்றேன். அதுவும் தள்ளிப் பின்னால் நின்றது. வீட்டுப் படலைக்கு முன்னால் நான் நிறுத்தியபோது அதுவும் வந்து நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றினால், என் புருசன்.

“வாய்க்கால் தண்ணி?” என்று கேட்டேன்.

“வயலில அண்ணை நிக்கிறார்.”

“அப்ப சந்தியில இருந்து ஏன் என்ர பின்னாலேயே வந்தனீங்கள்?”

அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, காருக்குப் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னொருக்கா மிதியும்” என்றார்.

நான் மிதித்தேன்.

“எரியுது கமலா” என்றார். “ரெண்டும் எரியுது. சந்தியில இருந்து பாத்துக்கொண்டுதான் வந்தனான்.”