சலவைக் கடையில் தங்கிவிட்ட கேள்வி

நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி சலவைக் கடையில் கேட்ட கேள்வி பதினேழு வருடங்களாக அங்கேயே இருந்து வருகிறது. குழந்தை வளர்ந்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், கேள்விதான் போகவில்லை.

அவளுடைய அம்மா அந்தக் கடையில் துணி வாங்கி டோக்கன் கொடுப்பவள். ஒரு செவ்வாய்க்கிழமை, நெற்றியிலிருந்து தாடைவரை நீலக் கோடுகளாகப் பச்சை குத்தியிருந்த ஒரு பெண் கம்பளிக் கோட்டோடு வந்து நின்றாள். அப்படியொரு முகத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் திடீரென்று தங்கள் செருப்புகள்மீது அக்கறை வந்துவிட்டது. மேஜைக்கடியில் அறுந்த பொத்தான்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து வந்து கணீரென்று கேட்டாள்: "உங்க மூஞ்சில யாரு எழுதினாங்க? என்ன எழுதியிருக்கு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. பாய்ந்து வந்து குழந்தையின் வாயைப் பொத்தினாள். "மன்னிச்சுக்குங்க, தெரியாம கேட்டுட்டா."

"தெரியாததாலதானே கேட்டா" என்றாள் வந்தவள். கோட்டைக் கொடுக்காமலே போனாள். அப்புறம் வரவேயில்லை.

மறுநாளிலிருந்து மேஜையருகே, இடுப்புயரத்தில், அதே குரல் வருகிறவர்களையெல்லாம் அதையே கேட்டது. முதலாளி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், ரேடியோவை அலறவிட்டார், பிறகு அலுத்துப்போனார். "இருந்துட்டுப் போகட்டும், இடத்தையா அடைக்குது?" என்றார் இஸ்திரிக்காரர். வாடிக்கையாளர்களும் பழகிக்கொண்டார்கள். ஒருவர் கன்னத்தைத் தடவி, "இது எழுத்தில்லம்மா, நாய் கடிச்சது" என்பார். ஒரு கிழவி, "எல்லாம் வயசு எழுதினது, கண்ணு" என்பாள்.

வெட்கத்தில் அம்மா மகளை அதன்பின் கடைக்கு அழைத்து வரவேயில்லை. மகளோ யாரையும் எதுவுமே கேட்பதில்லை. அடக்கமான பிள்ளை என்று ஆசிரியைகள் மெச்சினார்கள், அம்மாவும் பூரித்துப்போனாள். மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, "அப்பா இனிமே வீட்டுக்கு வரமாட்டாருடி" என்று சொல்ல நேர்ந்தது. மகள் "சரிம்மா" என்று சாப்பாட்டைத் தொடர்ந்தாள். எங்கே, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குத்தான் அம்மாவுக்கு உறைத்தது. அவளைக் கேட்கவைக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். பூட்டிய பெட்டி ஒன்றை அவள் எதிரில் வைத்தாள். மகள் அதைத் தூசி தட்டி அலமாரியில் எடுத்து வைத்தாள்.

போன மாதம் லீவில் வந்தவள், அம்மாவுக்குக் கைகால் வலி என்பதால் உதவிக்கென்று தானே கிளம்பி அவளோடு கடைக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததும் குரல் அவளையும் கேட்டது. மகள் மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"பாவம்மா, எந்த வீட்டுக் குழந்தையோ. யாராச்சும் பதில் சொல்லியிருக்கலாம்."

நீதான்டி அது என்று அம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. "சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இருவரும் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறி மடிக்கத் தொடங்கினார்கள். வாசலில் புதிதாக ஒருவர் வந்து நின்றார். குரல் அவரையும் கேட்டது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி அந்தக் குரலின் உயரத்துக்குக் குனிந்தார்.