புகை வியாழனன்று ஒரு தனிப் படிவம்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஆர்கிரோவின் கனம் வோலோஸ் நகரத்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளாக இருந்தது. நவம்பரிலேயே தன் பெயரில் வாடகைக்கு எடுத்திருந்தாள். ஜூனில் பள்ளி முடிந்ததும் மகள் போதினியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவது என்று முடிவு. கணவன் வாயோஸுக்குத் தெரியாது.

வாயோஸ் கை நீட்டுகிற ஆள் இல்லை, சாவியை எடுத்து வைத்துக்கொள்கிற ஆள். கார் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் அவன் கால்சட்டைப் பைக்குள்தான். கடைக்குப் போய்வர அவன் கொடுப்பது இருபது நிமிடம், அவள் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து வீடு வர கால் மணி நேரம். போன ஜனவரியில் பஸ் தாமதமாகி நாற்பது நிமிடம் ஆனதற்கு, பால்கனியில் துணி எடுக்கப் போனவளை அங்கேயே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கால்பந்து பார்த்தான். முதல் பாதி முடிகிறவரை. பனியில் நின்றபடி கண்ணாடி வழியாக அவளும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்தாள். இப்படிப்பட்டவனை ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கமாம் தங்கம்!

வீட்டைப் பிடித்ததுகூடப் பெரிதில்லை. வருமான வரிப் படிவம்தான் பெரிது. இத்தனை வருடமும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரே படிவம். மேலே அவன் பெயர், பக்கத்துக் கட்டத்தில் அவள். யார் எந்த வீட்டுக்கு வாடகை கொடுத்தார்கள் என்று அதில் எழுதியே தீர வேண்டும். மே மாதம் அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறவன் ஸ்டேர்கியோஸ். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கர் அவன்தான், போதாததற்கு இவர்கள் கல்யாணத்தில் தலைக்கு மலர் முடி மாற்றி வைத்த தோழன், கும்பாரோஸ். வோலோஸ் வாடகை என்ற வரியை அவன் பார்த்தால், அன்று மாலையே வாயோஸின் காதுக்குப் போய்விடும்.

இந்த வருடம்தான் முதல்முறையாக, வேண்டுமானால் தனித்தனியாகக் கொடுக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. ஒருவர் இணையத்தில் சொன்னால் போதும், மற்றவரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஆனால் பிப்ரவரி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஆர்கிரோ அந்தப் பக்கத்தை அந்த மாதத்தில் ஒன்பது தடவை திறந்து, ஒன்பது தடவையும் மூடியிருந்தாள். அழுத்தாவிட்டால் வீடு தெரிந்துவிடும். அழுத்தினால், எதற்காக அழுத்தினாய் என்ற கேள்வி வரும். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரிதான் அவள் நிலைமை.

இன்று இருபத்தெட்டு, கடைசி நாள். பார்த்து வந்ததுபோல் புகை வியாழனும் இன்றுதான். நோன்புக்கு முன்னால் ஊரே தெருவுக்குத் தெரு இறைச்சி சுடும் நாள். முற்றத்தில் வாயோஸ் அடுப்பு மூட்டியிருந்தான். அவன் பக்கத்தில் சீபுரோ சாராயக் கிளாஸோடு உட்கார்ந்திருந்தவன் வேறு யாருமில்லை, ஸ்டேர்கியோஸ்தான்.

ஆர்கிரோ சமையலறை ஜன்னலோரம் எலுமிச்சை நறுக்கினாள். வெளியே பேச்சு வரியைப் பற்றியே போயிற்று. காலையிலிருந்து மூன்று பெண்கள் தனிப் படிவம் கேட்டு வந்தார்களாம், மூன்று புருஷன்களுக்கும் இன்னும் சேதி போகவில்லையாம். ஸ்டேர்கியோஸ் சிரிக்காமல்தான் சொன்னான்.

"நம்ம வீட்ல ஒரே சட்டி, ஒரே கரண்டி" என்றான் வாயோஸ். "அவளுக்கு என்னத்த தனியா?"

ஆர்கிரோ கத்தியைக் கீழே வைத்தாள். சமையலறை அலமாரியின் அடித்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால், அவளுடைய வரித்துறை ரகசிய எண் எழுதிய சீட்டு இருந்தது. கல்யாணமான வாரமே ஸ்டேர்கியோஸ் பதிவு செய்து எழுதிக் கொடுத்தது. கைபேசியில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை திறந்தது. தனியாகச் சமர்ப்பிக்க விரும்புகிறேன். கட்டத்தில் குறியிட்டாள். உறுதியா என்று கேட்டது. போதினியின் முகம் கண்ணில் வந்தது. அழுத்தினாள்.

வேண்டுகோள் ஏற்கப்பட்டது, உறுதிக் கடிதம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது.

அவள் கைபேசிக்கு ஒன்றும் வரவில்லை. முற்றத்தில், கிளாஸ்களுக்கு நடுவே கிடந்த ஸ்டேர்கியோஸின் கைபேசி டிங் என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மின்னஞ்சல் இல்லாதவர்கள் எல்லோருக்கும் ஸ்டேர்கியோஸ் தன்னுடையதையேதான் எழுதி வைப்பான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளிடம் மின்னஞ்சல் ஏது? பாவி மகளே, அதை மாற்றத் தோன்றவில்லையே! ஜன்னலுக்கு வந்து வெளியே பார்த்தாள்.

ஸ்டேர்கியோஸ் படித்தான். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். இருவர் கண்ணும் சந்தித்தன. அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாரு?" என்றான் வாயோஸ், இறைச்சியைப் புரட்டிக்கொண்டே.

"இன்னொருத்தி. தனியா குடுக்கப் போறாளாம்."

வாயோஸ் விழுந்து விழுந்து சிரித்தான். கிளாஸை உயர்த்தினான். "யாருடா அந்தப் பாவப்பட்ட புருஷன்? அவனுக்காக ஒரு மடக்கு குடிப்போம்."

ஸ்டேர்கியோஸ் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"திங்கக்கெழமை சொல்றேன் கும்பாரே" என்றான். "இன்னைக்குப் பண்டிகை. திங்கக்கெழம காலைல ஆபீஸ தொறந்ததும் சொல்றேன்."

திங்கட்கிழமை. ஜூன் இல்லை, நான்கு நாள். அது இரக்கமா, மிரட்டலா? அவளுக்குப் பிடிபடவில்லை. நான்கு நாள் இந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பது மட்டும் தெரிந்தது. போதினியின் தடுப்பூசிப் புத்தகத்தையும் தன் அடையாள அட்டையையும் கைப்பைக்குள் திணித்தாள். எலுமிச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

பள்ளி ஒன்றேகாலுக்கு விடும், இன்றைக்குத் தானே போய்க் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

வாயோஸின் இரண்டு கையிலும் முழங்கை வரை கொழுப்பு. ஒரு கணம் அவளையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். இறைச்சி கருகத் தொடங்கியது. இடுப்பை அவள் பக்கமாகத் திருப்பினான்.

"சாவி பையில இருக்கு, நீயே எடுத்துக்கோ. இருபது நிமிஷம்."

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் பைக்குள் கைவிட்டாள். அவன் உடம்புச் சூட்டில் சாவி வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியைக் கிளப்பும்போது மணி ஒன்று ஐந்து. பள்ளியில் போதினியை ஏற்றிக்கொண்டால், அங்கிருந்து வோலோஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.