தர்வீஷ் புதைத்த மூட்டைகள்

நக்லா மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். அடுத்த வெட்டு விழுவதற்குள் காவலாளி தர்வீஷ் ஓடிவந்து பிடியைப் பற்றிக்கொண்டார்.

"எஞ்சினியரம்மா! புத்தி கெட்டுப்போச்சா? உள்ள இருக்கிறது இறைவன் பேரும்மா!"

"உங்க பம்புல வர்றது என்ன மாமா, பன்னீரா? மோந்து பாத்தீங்களா?"

அவர் பிடியை விடவில்லை.

எகிப்தின் தன்தா நகருக்கு வெளியே, பருத்தி வயல்களை ஒட்டிய அந்த அச்சகத்தில் அடிப்பது குர்ஆன். மை ஈஷி, மடிப்புக் கோணிப் பிசகிப்போன தாள்களைக் குப்பையில் போட முடியாது. மூட்டை கட்டி, கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். அந்த இடம் இந்த வேலிக்குள் இருந்தது. தர்வீஷ் தொழுகைக்குப் போலக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுத்தான் ஒவ்வொரு மூட்டையையும் குழிக்குள் இறக்குவார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே அடிபம்புத் தண்ணீரில் கொஞ்ச நாளாக மை கரைக்கும் தின்னர் வாடை. பிள்ளைகளுக்கு வாயெல்லாம் புண், தர்வீஷின் பேத்திக்கும்தான். ரோலர் துடைக்கும் தின்னர் அந்த அளவுக்கு மண்ணில் இறங்க வேண்டுமென்றால், யாரும் தோண்டத் துணியாத இந்த ஓர் இடத்தில்தான் அதை ஒளித்திருக்க வேண்டும்.

உள்ளே முதலாளி அறையில் அரசு அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாசில்லாத அச்சகம் என்ற சான்றிதழில் கையெழுத்திட்டுவிட்டு, மதியத் தொழுகைக்குள் கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் தண்ணீர் நாறுகிறது என்று யார் சொன்னாலும் எடுபடாது.

அந்தச் சான்றிதழ் வரை அச்சகத்தை இழுத்து வந்ததே நக்லாதான். எந்தப் பிரிவில் கழிவு குறைகிறதோ, மறுசுழற்சி ஏறுகிறதோ அந்தப் பிரிவுக்குப் போனஸ் என்று அறிவித்தாள். தின்னரில் ஊறிய துணிகளை அள்ளிப்போக வந்த லாரி, மெல்ல மெல்ல வருவதையே நிறுத்தியது. மறுசுழற்சிக்குப் போகும் காகிதம் மளமளவென்று ஏறியது. கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

மெஷின்கள் நின்றன. ஆட்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"என்ன எஞ்சினியரம்மா, உருளைக்கிழங்கு போடறீங்களா?"

"கெய்ரோ படிப்புடா! குர்ஆனையே தோண்டச் சொல்லிக் குடுத்திருக்காங்க!" என்று கத்தினான் ஃபோர்மேன் ஹில்மி. "வேடிக்கையா பாக்கறீங்க? வெளிய தள்ளுங்கடா!"

ஒரு மண்கட்டி நக்லாவின் தோளில் வந்து விழுந்தது. கூட்டம் வேலியை நெருக்கியது.

"நில்லுங்கடா!" தர்வீஷ் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இறக்கினது நான். எடுக்கறதும் நானே. என் பேத்திக்கு ரொட்டி கடிக்க முடியல."

செருப்பைக் கழற்றினார். கைகால் கழுவி வந்து, மண்ணைத் தோண்டிக் குழிக்குள் இறங்கினார்.

"மாமா, வேணாம்," என்றான் ஹில்மி. குரல் திடீரென்று இறங்கியிருந்தது. "பாவம் மாமா. சொன்னா கேளுங்க."

"பாவம் எனக்குத்தானே? உனக்கேன்டா இப்படி வேர்க்குது?"

மேலே வந்தது, வாய் தைத்த பிளாஸ்டிக் மூட்டை. தர்வீஷ் அதை இரு கைகளிலும் ஏந்திக் கரையில் வைத்துத் தையலைப் பிரித்தார். மூக்கைப் பொசுக்கியது வாடை. உள்ளே கறுத்துக் கசிந்த வேஸ்ட் துணி. அடுத்த மூட்டையிலும் துணி. ஒரு தாள், ஓர் எழுத்து, ஒன்றும் கிடையாது.

"புது மை இப்படித்தான் மணக்கும்னு சொன்னியேடா..." தர்வீஷ் ஹில்மியின் பக்கம் திரும்பினார்.

கூட்டத்தில் யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள்.

"அதிகாரியைக் கூப்பிடுங்க!" நக்லா கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. அவளே ஓடினாள். முன்வாசலை அடைந்தபோது அதிகாரியின் கார் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. முதலாளி சிரித்த முகத்தோடு சான்றிதழை நீட்டினார்.

"வாழ்த்துகள், எஞ்சினியரம்மா."

அவள் குழிக்குத் திரும்பினாள். தர்வீஷ் ஹில்மியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"துணி இங்க இருக்கு. அப்ப தாளெல்லாம் எங்கடா? குர்ஆன் தாள் எங்கடா போச்சு?"

ஹில்மி அவரைப் பார்க்கவில்லை. நக்லாவைப் பார்த்தான்.

"துணியும் குறையணும், மறுசுழற்சியும் ஏறணும்னாங்க. ரெண்டுக்கும் போனஸ். மூட்டையை மாத்திக் கட்டினோம்." தர்வீஷின் பக்கம் திரும்பினான். "தாளெல்லாம் முட்டை அடுக்கற அட்டை செய்யற ஆலைக்குப் போயிடுச்சு, மாமா."