பிரித்து ஒட்டிய பதினொரு உறைகள்

பதினொரு உறைகளும் மேசைமேல் கிடந்தன. பதினொன்றையும் எவனோ பிரித்துப் பார்த்து, ஓரத்தில் அச்சடித்த காகிதத்தை ஒட்டி அனுப்பியிருந்தான். யுத்த காலம். கொழும்பிலிருந்து வரும் எந்தத் தபாலும் தணிக்கைக்காரன் கண் படாமல் கடல் தாண்டாது. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சங்கத்தின் ஓட்டு விதியை எழுதிய எனக்கு மட்டும் புத்தியில் உறைக்காமல் போயிற்று.

தென்காசியில் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு நான்தான் எழுத்தர், பெயர் செல்லச்சாமி. உறுப்பினர்களில் பதினொரு பேர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் தபாலில் ஓட்டு அனுப்புவது பழைய வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ வெந்நீர் ஆவியில் காட்டி உறைகளைப் பிரித்துவிட்டார்கள். உடனே நான், "வழியில் பிரிக்கப்பட்ட உறையிலுள்ள ஓட்டு செல்லாது" என்று ஒரு வரி எழுதி, பொதுக்கூட்டத்தில் கைதட்டலும் வாங்கினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அன்று ஓட்டுக்கு வந்தது சங்கம் நடத்தும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். அதை மூடிவிட்டுக் கட்டடத்தை நெல் கிடங்காக்க வேண்டும் என்பது தலைவர் நம்பிராஜன் அண்ணாச்சியின் தீர்மானம். அங்கே இருந்த ஒரே ஆசிரியை வள்ளித்தாய் என் தங்கை. இருபத்திரண்டு வயதில் தாலியறுத்தவள். சிவகிரியில் கொழுந்தன் வீட்டில் ஒரு வருஷம் இருந்து, ஆள் பாதியாகித் திரும்பி வந்தாள். வேலை பார்க்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவன் அவளை என் வீட்டில் விட்டுவைத்திருந்தான். பள்ளிக்கூடத்தை மூடிய மறுநாள் வண்டியோடு வந்து நிற்பேன் என்று எழுதியும் இருந்தான்.

உள்ளூர் ஓட்டை எண்ணி முடித்திருந்தோம். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று இருபத்தேழு, வேண்டும் என்று பத்தொன்பது. ஆனிச் சாரல் பிடித்துக் குற்றாலத்தில் அருவி விழுகிற நேரம். பாதிப் பேர் தலையில் எண்ணெயோடு வந்திருந்தார்கள், ஓட்டைப் போட்டுவிட்டு வண்டியேறுகிற அவசரத்தில். ஒரு பள்ளிக்கூடத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்க வந்த லட்சணம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிச்சம் கொழும்பு ஓட்டுதான். இந்தப் பள்ளிக்கூடத்தின் அருமை அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தை முன்பெல்லாம் தபால்காரர் படித்துச் சொல்வார். வள்ளித்தாய் வந்த பிறகுதான் பெற்ற மகளே படித்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி ஓர் உறையை எடுத்து, ஒட்டிய ஓரத்தை எல்லாருக்கும் காட்டினார். விதியை எழுதினவனே வாசிக்கட்டும் என்றார். வாசித்தேன். ஜவுளிக்கடை மசூது ராவுத்தர் எழுந்து, பிரித்தது சர்க்கார், அதற்கு உறுப்பினர் என்ன செய்வார் என்று கேட்டார். விதியில் சர்க்கார் என்றும் திருடன் என்றும் பிரித்து எழுதவில்லையே என்றார் அண்ணாச்சி. எண்ணெய்த் தலைகள் எல்லாம் ஆடின.

வள்ளித்தாய் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் தங்கைக்காகப் பேசுகிறான் என்பார்கள். சொல்லட்டுமே, அது பொய்யா என்ன?

பங்குனிக் கடைசியில் கொழும்பில் குண்டு விழுந்தபோது அண்ணாச்சியின் ஒரே மகன் சுந்தரபாண்டியன் அங்கேதான் கடையில் இருந்தான், பதினொரு பேரில் அவனும் ஒருவன். மூன்று வாரம் தகவல் இல்லை. கடைசியில் கடிதம் வந்த அன்று அண்ணாச்சி செருப்புக்கூடப் போடாமல் அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓடினார். அந்த உறையை நானும் பார்த்திருந்தேன்.

எழுந்து நின்றேன்.

"அண்ணாச்சி, குண்டு விழுந்தபெறவு ஒங்க மவன் எழுதுன காயிதமும் இதே மாதிரி பிரிச்சு ஒட்டித்தான் வந்துது. இது செல்லாது, எம் மவன் எழுதுனது இல்லைன்னு அன்னைக்குச் சொன்னீயளா?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார். எண்ணுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றார். யாருக்கும் இல்லை.

தலைவர் உறையைப் பிரித்துச் சீட்டை வாசிக்க வேண்டும், நான் எழுதிக்கொள்ள வேண்டும், சீட்டு தகரப்பெட்டிக்குள் போகவேண்டும். இதுதான் முறை. சீட்டை வேறு யாரும் பார்ப்பதில்லை. அவர் மகனுடைய உறையை மட்டும் தனியே எடுத்துக் கடைசிக்கு வைத்தார். அது எப்படியும் தன் பக்கம்தான் என்ற தைரியம்.

வேண்டும். வேண்டும். வேண்டும். நான்காவது, வேண்டாம். பிறகு வரிசையாக ஆறு வேண்டும். கூட்டினேன். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. மேசைமேல் ஓர் உறை.

கடைசி ஓட்டு செல்லாமல் போனாலும், சமமாக நின்றால் தலைவரின் முடிவுதான். வேண்டாம் என்று வந்தாலும் அதேதான். அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் வள்ளித்தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி பிரித்தார். சீட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. சீட்டை மடித்தார், மறுபடி பிரித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். மனுஷன் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கேட்பார் கிடையாது. நான் பேனாவை மையில் தோய்த்துப் பிடித்திருந்தேன். மை சொட்டி, பதிவேட்டில் பெரிய பொட்டாக விழுந்தது.

"வேணும்னு போட்டிருக்கான்" என்றார்.

மசூது ராவுத்தர் நம்பாமல், நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டார்.

"எம் மவன் கையெழுத்து எனக்குத் தெரியாதாவே? பிரிச்சுப் பாத்த வெள்ளைக்காரனே மாத்தலை. நான் எதுக்கு மாத்தணும்?"

இருபத்தொன்பது என்று எழுதினேன். வாசலில் வள்ளித்தாய் அழுகிற சத்தம் கேட்டது. நான் தலை நிமிரவில்லை, நிமிர்ந்தால் நானும் அழுதிருப்பேன்.

கூட்டம் கலைந்தது. தகரப்பெட்டியைப் பூட்டும்முன் எண்ணிப் பார்த்தேன், கொழும்புச் சீட்டுகள் பத்துதான் இருந்தன. பதினொன்றாவதை அண்ணாச்சி சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையைப் பொத்திக்கொண்டு சாரலில் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு மகன் கையெழுத்தில் அவருக்கு வந்தது இந்த ஒரு சொல்தான். ஓட்டுச்சீட்டு எதுவும் சங்கத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றும் ஒரு விதி எழுதியிருக்கிறேன். பெட்டியில் பதினொன்று என்று குறித்து, பூட்டைப் பூட்டினேன்.