எட்டு மணிக்குப் பன்னிரண்டு

முயலுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் அண்ணன்தான். நாள் முழுக்க ஒரே மூலையில் உட்கார்ந்து, மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டு, எதிரே யார் வந்தாலும் ஒரு தினுசாகப் பார்க்கும் ஜீவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவன் வேலை பார்க்கும் குளிர்கிடங்கின் மேனேஜரும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், முயல் எப்போதாவது துள்ளும்.

மேனேஜருக்கு முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தது. எடுக்காமல் விட்டால் வயதாக ஆகப் புற்று வரும் என்று எங்கோ படித்துவிட்டு, ஆறு மாதம் அலைந்து, முயலைத் தொடத் தெரிந்த ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தவள் தங்கை. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் எண்ணாகச் சொன்னால்தான் நம்புவாள். "லேசா காய்ச்சல்" என்று அண்ணன் முனகினால், "லேசான்னா எத்தனை?" என்பாள்.

காலை ஆறரைக்கு அவன் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். ஒரு நாள் லீவ் கேட்டதற்கு, "முயலுக்கு என்ன, பிரசவமா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். இனிமேல் பிரசவமே கிடையாது, அதற்குத்தான் லீவ் என்று இவள் விளக்கியிருக்கிறாள். லீவ் கிடைக்கவில்லை.

"அண்ணா, தூங்கிடாத."

"நான் எங்க தூங்கினேன்? ராத்திரி பூரா முழிச்சுட்டு வர்றேன்."

"அதான் சொல்றேன். டாக்டர் சொன்னது ஒண்ணே ஒண்ணு. முயல் கத்தியைத் தாங்கிடும், வயிறு நின்னா தாங்காது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள புழுக்கை போட்டாகணும். போடலன்னா அப்படியே தூக்கிட்டு ஓடணும்."

"போடும் போடும். மேனேஜர் போடாததா?"

"ஜோக் அடிக்காத. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எண்ணி எழுது. பத்து மணிக்கு வலி மருந்து. தானா தின்னலன்னா இந்த சிரிஞ்சுல கஞ்சி, ஓரமா, கொஞ்சம் கொஞ்சமா."

"புழுக்கையை எண்ணணுமா? இதுக்குத்தான் என்னை டிகிரி படிக்க வெச்சாங்களா?"

"நீ டிகிரி முடிச்சதுலயே இன்னும் யாருக்கும் நம்பிக்கையில்ல. எண்ணவாவது வருதான்னு பாப்போம்."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஏழு வரிசை. புழுக்கை எத்தனை, புல் தின்றதா, காது சூடா, மருந்து என்று நான்கு கட்டம். கதவருகில் போனவள் திரும்பி வந்து, அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு முயலின் நெற்றியை ஒரு விரலால் தடவினாள். "அண்ணன் பாத்துக்குவான்டி," என்றாள் அதனிடம். அவனிடம் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

அந்தத் தாளைப் பார்த்ததும் அவனுக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. அவன் வேலையே அதுதான். குளிர்கிடங்கில் மணிக்கொரு முறை உள்ளே போய், வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் உள்ளே போனால் குளிரும். ஆகையால் அங்கே எல்லோரும் ஷிஃப்ட் தொடங்கியதும் சூடாக டீயைக் குடித்துக்கொண்டு விடியும்வரைக்குமான கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். அதிலும் ஒரு நேர்த்தி உண்டு. எல்லாக் கட்டத்திலும் நாலு என்று எழுதுகிறவன் கத்துக்குட்டி. நாலு புள்ளி ஒன்று, மூன்று புள்ளி எட்டு, மறுபடி நாலு என்று ஏற்ற இறக்கமாக எழுத வேண்டும். நடுவில் பேனாவை மாற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் கொஞ்சம் மை இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. குளிரில் கை நடுங்கியதாகத் தெரியும். போன வருடம் ஒருநாள் மெஷின் நின்றுபோய் ஓர் அறை மீன் மொத்தமும் நாறியது. பதிவேட்டில் மூன்று புள்ளி ஒன்பது. விசாரித்துவிட்டு மேனேஜர் சொன்ன தீர்ப்பு: "பதிவு சரியா இருக்கு. மீன்லதான் ஏதோ கோளாறு."

எட்டு மணிக்கு அவன் ஒழுங்காகவே குனிந்து பார்த்தான். விரித்த துண்டு சுத்தமாக இருந்தது. ஒரு புழுக்கைகூட இல்லை. பேனாவை எடுத்தான். பூஜ்யம் எழுத வேண்டிய கட்டம். அப்படி எழுதினால் இவள் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு போன் போடுவாள், பாதி வேலையில் ஓடி வருவாள், சூப்பர்வைசர் கத்துவார். எப்படியும் இன்னும் அரை மணியில் போடத்தான் போகிறது. அவன் கை இதுவரை பூஜ்யம் எழுதியதில்லை. நாலு என்று எழுதியது.

எட்டரைக்கு, கண்ணை மட்டும் மூடுவதாகச் சொல்லிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்தான்.

போன் அலறியபோது மணி இரண்டேகால்.

"அண்ணா, இருபத்துநாலு மணி நேரம் ஆச்சு. தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, டாக்டர் கேக்குறாங்க."

"இதோ."

"நல்லாத்தானே இருக்கா?"

"ஜம்முனு இருக்கா. ஒரு நிமிஷம், வை."

அந்த ஒரு நிமிஷத்தில் அவன் காட்டிய தொழில் சுத்தம் அவனுக்கே திருப்தியாக இருந்தது. பத்து மணிக்கு ஏழு, பன்னிரண்டுக்குப் பதினொன்று, இரண்டுக்கு ஒன்பது. பன்னிரண்டு மணி வரிசைக்கு மட்டும் வேறு பேனா. புல்: கொஞ்சம், சுமார், நன்று. மருந்துக் கட்டத்தில் ஒரு டிக். ஃபோட்டோ போனது. மூன்றாவது நிமிஷம் பதில் வந்தது. "டாக்டர் வெரி குட்னு சொன்னாங்க. நீ இவ்ளோ பொறுப்பா இருப்பன்னு நினைக்கலண்ணா." கூடவே இரண்டு கண்ணீர் விடும் முகங்கள்.

பாராட்டு அவனுக்குப் பழக்கமில்லாத பண்டம். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கை வேறு சூடாகிவிட்டது. நாலு மணிக்குப் பத்து, ஆறு மணிக்கு எட்டு, எட்டு மணிக்குப் பன்னிரண்டு என்று மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பெட்டியை எட்டிப் பார்த்தான்.

காய்ந்த புல் தங்கை வைத்துப்போன வாக்கிலேயே இருந்தது. மேலே வைத்த கொத்தமல்லி வாடிச் சுருண்டிருந்தது. துண்டில் ஒரு புள்ளி இல்லை. மேனேஜர் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து கறுக் கறுக்கென்று ஒரு சத்தம்.

"அட, மெல்றா!" என்று அவனுக்கு உயிர் வந்தது. குனிந்து வாயைப் பார்த்தான். வாயில் ஒன்றும் இல்லை. அது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

காதைத் தொட்டான். அவனுக்கு உண்மையாகவே ஒரு வித்தை தெரியும்: எதைத் தொட்டாலும் எத்தனை டிகிரி என்று கை சொல்லிவிடும். ஏழு வருடப் பழக்கம். உயிருள்ள காது இருக்க வேண்டிய டிகிரியில் அந்தக் காது இல்லை.

அவசர அவசரமாகக் கஞ்சியைக் கரைத்து சிரிஞ்சில் இழுத்தான். முயல் பல்லைத் திறக்கவில்லை. ஓரமாக விட்டது தாடையில் வழிந்து, தையல் போட்ட வயிற்றில் சொட்டியது. துடைத்தான். அது எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "போடு மேனேஜர், ஒண்ணே ஒண்ணு போடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்று கெஞ்சினான். அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்தான். ஓடினால் ஃபோட்டோவில் அனுப்பிய முப்பத்தொரு புழுக்கை எங்கே என்று கேட்பார்கள்.

நாலு மணிக்கு அவனே போன் போட்டான்.

"பாப்பா, காது ஜில்லுனு இருக்கு."

"எவ்ளோ நேரமா? நாலு மணிக்கு எத்தனை போட்டா?"

அவன் கண் தானாக ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போனது. "பத்து," என்றான்.

"பத்து போட்டும் ஏன் ஜில்லுனு இருக்கு? நீ கிளம்பி க்ளினிக்குக்கு வா. நான் நேரா வர்றேன்."

டாக்டர் சின்னப் பெண். கைகள் அவசரப்படாதவை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், நெற்றி சுருங்கியது.

"வயிறு கல்லு மாதிரி உப்பியிருக்கு. நான் முதல்ல குடல் நின்னுடுச்சுன்னுதான் நினைப்பேன். ஆனா..."

தங்கை போனை நீட்டினாள். "ரெண்டு மணி வரைக்கும் முப்பத்தொண்ணு டாக்டர். அப்புறம் ஒரு பத்து. புல்லும் தின்னுருக்கா."

"ஆமா, அனுப்பினீங்களே. குடல் நின்ன முயல் நாப்பத்தொண்ணு போடாது. அப்போ உள்ள கட்டின இடம் அவிழ்ந்து ரத்தம் கசியுது. ஈறும் வெளுத்திருக்கு." டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீங்களே எண்ணினதுதானே?"

"லாக் எழுதறதுதான் டாக்டர் அவன் வேலையே," என்றாள் தங்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனைப் பெருமையாகச் சொன்னாள்.

அவன் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்வதற்காகத்தான் திறந்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றான்.

"அப்போ மறுபடி திறந்து பாக்கணும். இந்த நிலைமையில மயக்க மருந்து ஆபத்து. ஆனா ரத்தம் கசிஞ்சா வேற வழியில்ல."

தங்கை கையெழுத்துப் போட்டாள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய நாயோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "யாரு உள்ள?" என்று கேட்டார்.

"மேனேஜர்," என்றான் அவன், பழக்க தோஷத்தில்.

"அவரைப் பாக்க நானும் ஒரு மணி நேரமா இருக்கேன். இங்க எல்லாமே லேட்டு," என்று அவர் சலித்துக்கொண்டார்.

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள். அவன் எழுந்து அந்தக் கதவுவரை போனான். தட்டுவதற்கு விரலை மடக்கினான். பக்கத்தில் தண்ணீர் கேன் இருந்தது. ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

டாக்டர் வெளியே வந்தபோது மணி ஆறரை. கையுறையைக் கழற்றாமலே நின்றார்.

"திறந்ததும் மூச்சு நின்னுடுச்சு. கொண்டுவரப் பாத்தேன், முடியல." கையுறையை உருவினார். "உள்ள ரத்தமே இல்ல. கட்டினதெல்லாம் சரியாத்தான் இருக்கு. குடல்தான் நின்னிருக்கு, காலையிலேருந்தே நின்னிருக்கணும். அது மட்டும்னா ஊசியும் மருந்தும் போட்டு பொழைக்க வெச்சிருப்பேன். திறந்தே இருக்கக் கூடாது. எனக்கு ஒண்ணும் புரியல. என் தப்புதான். மன்னிச்சிடும்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்," என்று தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நாயின் கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். பெட்டியை அவள்தான் சுமந்தாள். அவன் கேட்டும் கொடுக்கவில்லை. "நீ காலையிலேருந்து தூங்கவே இல்ல, பேசாம வா," என்றாள்.

உள்ளே வந்ததும் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். கதவைத் திறக்கவில்லை. தாளின் முன்னால் நின்றாள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள், பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் சரிபார்க்கிற மாதிரி. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது.

"அண்ணா."

"ம்."

"எட்டு மணிக்குப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

அவள் ஃப்ரிட்ஜின் மேலிருந்த வலி மருந்துக் குப்பியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடியின் சீல் உடைபடவில்லை. அதை இருந்த இடத்திலேயே வைத்தாள். கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தினால் ஏதாவது பதில் சொல்லலாம்.

அவள் மேஜையிலிருந்த பெட்டியை எடுத்து வந்து, ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் வைத்துத் திறந்தாள். துணியை விலக்கினாள். அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குண்ணா," என்றாள். "உக்காரு. எண்ணி எழுது."