முழங்கால் வரைக்கும்

ஜெயந்தினி கத்திய கத்தலில் புருஷன் கிருஷ்ணராஜ் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வாசலுக்கே போய்விட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுசன். ஹல்துமுல்லையில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "எம் பொண்டாட்டி யோகா பழகுறா, குனிஞ்சு உள்ளங்கைய அப்படியே தரையில வைக்கிறா" என்று பெருமை அடித்திருக்கிறான். பின் மேசையில் தேயிலைத் தோட்டத்து ஃபீல்ட் ஆபிசர் புவனேந்திரன் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பான்.

"பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே! இனி நீங்க போய் கூடைய தூக்குங்க."

"நல்ல விசயம்னுதான் சொன்னேன் புள்ள."

நல்ல விசயம்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்துக் கூடை சுமந்த இடுப்பு அவளுடையது. போன வருடம் அது ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று பதுளையில் டாக்டர் சொன்ன பிறகுதான், தோட்டத்தில் வேண்டாவெறுப்பாக அவளைத் தவறணைக்கு மாற்றினார்கள். தேயிலைக் கன்று வளர்க்கும் கொட்டகை அது. நிழலில் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. "இடுப்பு சரியாகுற வரைக்கும்தான்" என்று புவனேந்திரன் அன்றைக்கே சொல்லிவைத்தார்.

யோகா செய்து பார்க்கச் சொன்னதும் அதே டாக்டர்தான். பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் சண்முகராஜாவின் மகள் சிவானுஜா, ஞாயிறுதோறும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சும்மாவே சொல்லிக்கொடுத்தாள். முதலில் லயமே கைகொட்டிச் சிரித்தது. சிரித்தவர்களில் முதல் ஆள் கிருஷ்ணராஜ். ஜெயந்தினி யாரையும் சட்டை செய்யவில்லை. விடியும் முன்னே எழுந்து, கட்டிலைச் சுவரோடு தள்ளி, அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே சாக்கை விரித்துத் தினமும் செய்தாள். முழங்காலைத் தொட்ட விரல் கணுக்காலைத் தொட்டது, பிறகு தரையைத் தொட்டது. ஒரு நாள் காலையில் முனகாமல் எழுந்து நின்றபோது சந்தோசத்தில் அழுதேவிட்டாள்.

அந்த இடுப்புக்குத்தான் இப்போது கண் வைத்தாகிவிட்டது. மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, எல்லார் முன்னாலும் புவனேந்திரன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம நானும் யோகா பாக்க வாறேன்."

நோயாளியாக இருந்தால் நிழல், நோயைத் தீர்த்துக்கொண்டால் மலையும் கூடையும். இதென்ன நியாயம்? ஜெயந்தினிக்கு வயிறு எரிந்தது. யோகாவுக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் அவளைப் போலவே இடுப்பு, முழங்கால் என்று தவறணையில் ஒதுங்கியவர்கள். அடுத்தது தங்கள் முறை என்று அவர்களும் பயந்தார்கள். வழி சொன்னவள் அவர்களில் ஒருத்தியான கருப்பம்மா.

"முழங்காலோட நின்னுக்குவோம்டி. அதுக்குக் கீழ ஒருத்தியும் போகக் கூடாது. ஐயோ அம்மானு நாலு தடவ முனகுனா அந்தாளு போயிருவாரு."

சிவானுஜாவிடம் வகுப்புக்கு முன்னால் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. பாழாய்ப்போன பதுளை பஸ் அன்றைக்கென்று பிந்தியது. அவள் ஓட்டமும் நடையுமாக மண்டபத்துக்குள் நுழையும்போது புவனேந்திரன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"குனியுங்க" என்றாள் சிவானுஜா. குனிந்தார்கள். எல்லாக் கைகளும் முழங்காலில் நின்றன. மண்டபம் முழுக்க ஒரே முனகல். ஜெயந்தினியும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தன் உடம்பைத் தானே திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறதே என்று அவமானத்தில் காது சுட்டது.

சிவானுஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக ஜெயந்தினியிடம் வந்தாள்.

"என்னக்கா இது? போன கெழம உள்ளங்கையே தரையில வச்சீங்களே! சார் வந்திருக்காரு, செஞ்சு காட்டுங்க அக்கா. இங்க உங்கள மாதிரி ஒருத்தரும் செய்யல."

முனகல் நின்றது. புவனேந்திரன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

அதற்கு மேல் ஜெயந்தினியால் அடக்க முடியவில்லை. மூச்சை விட்டுக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வளையுதுங்க ஐயா. நல்லாப் பாத்துக்கங்க. நீங்க ஒடிச்ச இடுப்ப நான் விடிய முன்ன எந்திரிச்சு கொஞ்சங் கொஞ்சமா சேத்தேன். சேந்துருச்சுனு தெரிஞ்சதும் மறுபடி ஒடிக்க வந்துட்டீங்க. வெக்கமா இல்லையா?"

"எங்கிட்ட கத்தி என்ன பிரயோசனம்? கொழுந்து முத்துது, மலைக்கு ஆளு இல்ல. எனக்கு மேல தொர இருக்காரு" என்று அவர் எழுந்தார். "நாளைக்கு கூடையோட வந்துருங்க."

அவர் மோட்டார் சைக்கிளை உதைக்கும்வரை ஜெயந்தினி அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை. கைகள் இன்னும் முழங்காலிலேயே இருந்தன. யாராவது ஒருத்தியாவது நிமிர்ந்து பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம் என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. வண்டிச் சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்த பிறகுதான் கருப்பம்மா தலையைத் தூக்கினாள்.

"போயிட்டாரா?"

சிவானுஜா அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதுக்கா. ஒருத்தரும் சொல்லலியே..."

கருப்பம்மா இன்னும் முழங்காலிலிருந்து கையை எடுக்காததை ஜெயந்தினி பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் சிவானுஜா பக்கம் திரும்பினாள்.

"அழாதீங்க மிஸ். நான் அடுத்த கெழமயும் வருவேன், எனக்கு இனி ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றாள். "யாராச்சும் கேட்டா, மத்தவளுகளுக்கு ஒண்ணுமே வரலனு சொல்லிருங்க."